நாலு பத்திலிருந்து ஆறு இருபதுவரை

மே மாதம் என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் வகுப்புகள் இருக்கின்றன. நமக்கு விடுமுறையில் விடுமுறை மட்டும்தான் இருந்தது. எனக்குப் பதினொரு வயது நடந்தபோது மட்டும் அது மாறியது. அந்த மே மாதத்தில் இருபத்தொரு நாட்கள், காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை, ஒரு கடற்கரை ஊரின் மாதா கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பாட்டுப் படித்தேன்.

இருபத்தொன்று என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த நாட்களின் நோட்டு இன்னும் என்னிடம் இருப்பதுதான். பயிற்சியைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் முதல் நாளே ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டைத் தந்தார். எத்தனை மணிக்கு வந்தோம், என்ன படித்தோம், எத்தனை மணிக்கு முடிந்தது என்று அன்றன்று எழுதி வீட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். நான்காவது நாளோடு மற்ற பிள்ளைகள் அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நாட்குறிப்பு எழுதுகிறேன். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவைதான். அவற்றில் ஒரே ஒரு பக்கம் தவறானது என்று எனக்குத் தெரியும். அது முதல் நோட்டின் கடைசிப் பக்கம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் எழுத்தர் வேலை. நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஆலைக் குடியிருப்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோயில் மண்டபத்தில் இலவசமாகப் பாட்டுச் சொல்லித் தருகிறார்கள் என்று அப்பா கேள்விப்பட்டு வந்தார். அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம், விபூதியோடு போனால் உள்ளே விடுவார்களா என்று. முதல் நாள் சிஸ்டரிடம் அதை நேரடியாகவே கேட்டாள். நெற்றியில் எது இருந்தாலும் சரி, விரல் நகம் வெட்டியிருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். அம்மா அங்கேயே நின்று என் பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மண்டபத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்தரை மணிக்குமேல் உள்ளே வேகும். மேற்கு ஜன்னலில் கடல் தெரியும். கருவாடு காயும் வாடை காற்று திரும்பும்போதெல்லாம் வரும். பத்து நாளில் அது எனக்கு வாடையாகவே தெரியாமல் போனது. அந்தக் கரையின் மணல் கறுப்பு. ஈரக்காலில் ஒட்டினால் லேசில் போகாது. வீட்டு வாசலில் அம்மா ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பாள். பாட்டைவிட அந்த மணல்தான் நான் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோனது.

எங்களுக்குச் சொல்லித் தந்தவர் தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். பாட்டு அவருக்கு ஆசை, தொழில் இல்லை. முறையாக எவரிடமும் படித்தவரில்லை என்று அவரே சொல்வார். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வண்ணப் பென்சில் இருக்கும், தாளத்தை அதனால் ஆர்மோனியத்தின் மேல் தட்டுவார். கோயிலில் மூன்று வயலின்கள் இருந்தன. ஒன்றுக்குத் தந்தியை இறுக்கும் முறுக்காணி இல்லை. நல்லதாக இருந்த இரண்டில் ஒன்று எனக்குக் கிடைத்தது. இருபத்தொரு நாளில் நான் கற்றது ச, ப இரண்டையும் விடாமல் இழுப்பது, நடுவில் நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு மறுபடி அந்த இரண்டுக்கே திரும்புவது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அது பெரிய விஷயம். நிறைவு நாளுக்காக அம்மா பட்டுச் சேலையை வெயிலில் காட்டி எடுத்து வைத்தாள்.

இரண்டு பேருக்கு ஒரு பாய். என் பாயில் உட்கார்ந்தவள் அந்த ஊர்க்காரி, கடலுக்குப் போகிறவரின் மகள், என் வயதுதான். அவளைக் கூட்டாளி என்றே குறிப்பிடுகிறேன், நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்ததால் நான் அவளுக்குக் குவாட்டர்ஸ்காரி. என் வயலினைக் கேட்டுவிட்டு முதல் வாரம் அவள் சொன்னது, "ஏட்டி குவாட்டர்ஸ்காரி, பூனைய கொல்லாண்டாம், பைய தடவு." அதை வீட்டில் சொல்லவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அவள் பாடுவதைப் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும். அவள் வாய் திறந்தால் சார் ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவார். மாதாவைப் பற்றி சார் தாமே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றுதான் நிறைவு நாளின் கடைசிப் பாட்டு. மூன்று சரணம். மூன்றாவதை அவள் தனியாகப் பாட வேண்டும். கீழே ஆர்மோனியம்கூடக் கிடையாது, என்னுடைய ச-வும் ப-வும் மட்டும்.

பயிற்சி தொடங்கும்போதே அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மஞ்சள்காமாலை. நாட்டு மருந்து பார்த்துவிட்டு, இரண்டாவது வாரத்தில்தான் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் அம்மாவும் கூடப் போய்விட்டாள். கூட்டாளி சித்தி வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குக் கண் வெளுத்துவிட்டதாம், கஞ்சி குடிக்கிறாராம் என்று தினமும் காலையில் சேதி சொல்வாள். நிறைவு நாள் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாவது சரணத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாடிக் காட்டப் போவதாகச் சொன்னாள். வயலின் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். "எனக்க அப்பா கடல் சத்தத்திலயே பாட்டு கேக்குற ஆளு. உனக்க பூனை எதுக்கு" என்றாள்.

இருபதாம் நாள் சாயங்காலம் அவள் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள், பிள்ளையை நாளைக்குக் கூட்டி வரும்படி. காரணம் எதுவும் சொல்லவில்லை. மேடை ஒத்திகைக்காக அன்று சாயங்காலம்வரை இருந்த சார் அதைக் கேள்விப்பட்டு, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாராம். ஒரே ஒரு நாள், நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் நானே கூட்டிப் போகிறேன் என்று கேட்டாராம். சித்தி சம்மதித்துவிட்டாள். மறுநாள் காலையில் கூட்டாளி இதை எனக்குப் பெருமையாகச் சொன்னாள். அவளுக்காக ஒரு வாத்தியார் பஸ்ஸை விட்டிருக்கிறார். அந்த வயதில் எனக்கு அது பொறாமையாக இருந்தது. சாரை நான் இன்றும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு குரல் ஒரு முறைதான் வந்திருக்கும்.

இருபத்தோராம் நாள் நிகழ்ச்சி சாயங்காலம் ஐந்து மணிக்கு. நாங்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டோம். பெண் பிள்ளைகளுக்கெல்லாம் தலையில் மல்லிகை வைத்துவிட்டார்கள். மேடைக்கு வெள்ளை வேட்டிகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். நாலு மணி சுமாருக்கு வில்லுக்குப் போடும் குங்கிலியக் கட்டியைக் காணோம். அது கோயிலின் பக்கத்து அறையில் இருக்கும், எடுத்து வா, அப்படியே அங்குள்ள கடிகாரத்தில் மணியும் பார்த்து வா என்று ஒரு அக்கா என்னை அனுப்பினாள்.

பூசை உடுப்புகள் வைக்கும் அறை அது. கதவு பாதி திறந்திருந்தது. நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். நாலு பத்து. அதற்குப் பிறகுதான் ஆட்களைப் பார்த்தேன். பங்குச்சாமியார் நாற்காலியில் இருந்தார். சிஸ்டரும் சாரும் நின்றார்கள். மணி அடிக்கும் கோயில்பிள்ளை கதவோரம் மணிக் கயிற்றறைச் சாவியோடு நின்றார். நடுவில், பஸ்ஸிலிருந்து இறங்கிய புழுதியோடு கூட்டாளியின் மாமா, அவள் அம்மாவின் தம்பி. அழவில்லை. தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவள் அப்பாவுக்கு மத்தியானமே உயிர் போய்விட்டதாம். வண்டி பிடித்து உடலைக் கொண்டுவர எப்படியும் ஆறரை ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கரையின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊரில் ஒருவர் இறந்த சேதி வந்த உடனே கோயில் மணி அடிப்பார்கள், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு. கேட்டவர்கள் இருந்த இடத்தில் நின்று சிலுவை போட்டு, யாரென்று தெரியாவிட்டாலும் அந்த ஆத்துமாவுக்காக ஒரு செபம் சொல்வார்கள். அடக்கம் முடியும்வரை கடலுக்குப் போவதில்லை, ஒலிபெருக்கி வைப்பதில்லை. இறந்தவரின் வீட்டார் வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் வைப்பதில்லை.

"அடிச்சிரட்டா சாமி?" என்று கோயில்பிள்ளை கேட்டார்.

சார் தரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் இருபத்தொரு நாளாக உழைத்திருக்கிறார்கள், ஆலையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஏதோ சொன்னார். பாதியிலேயே அவருக்குக் குரல் போய்விட்டது. சிஸ்டர்தான் தெளிவாகப் பேசினார். "பிள்ள பாடி முடிக்கட்டு சாமி. பெறவு காலம் பூரா அழத்தானே போவுது. வண்டியும் ஆறரைக்குத்தான்."

கோயில்பிள்ளை விடவில்லை. "மணிய வச்சிருக்கப்பிடாது. அது மரிச்சவனுக்கு உள்ளது."

சாமியார் மாமாவைப் பார்த்தார். மாமா துண்டைப் பார்த்தார். "பாட்டு முடியட்டு" என்றார் சாமியார்.

அப்போதுதான் சிஸ்டர் என்னைக் கண்டார். குங்கிலியத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடி, நெற்றியில் விபூதிக்கு மேலேயே சின்னதாக ஒரு சிலுவை வரைந்தார். "மிண்டப்பிடாது, என்ன?" என்றார். மூச்சு விடக்கூடாது என்பதுதான் அதன் பொருள். நான் தலையாட்டினேன்.

இத்தனை வருடமாக இதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தபோதெல்லாம், சிஸ்டர் சொன்னதால் சொல்லவில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நம் காலத்துப் பிள்ளைகள் பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிறவர்கள் என்று கேட்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அது முழு உண்மை இல்லை. மண்டபத்துக்குத் திரும்பி நடந்தபோது என் மனதில் இருந்தது, அப்பா அரை நாள் லீவு போட்டிருக்கிறார், அம்மா பட்டுச் சேலை கட்டியிருக்கிறாள், மணி அடித்தால் எதுவும் நடக்காது என்பதுதான். கோயில்பிள்ளை மனம் மாறி அடித்துவிடக் கூடாதே என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். மாதாவிடமும் வேண்டினேன், எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடமும் வேண்டினேன்.

பாயில் கூட்டாளி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்காக ஆளுக்கொரு பன்னும் ஒரு மட்டி வாழைப்பழமும் கொடுத்திருந்தார்கள். அவள் தன்னுடையதைத் தின்று முடித்திருந்தாள். நான் என்னுடையதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவளைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டும் போலிருந்ததால் என் பன்னை அவள் மடியில் வைத்தேன்.

"ஏட்டி, உனக்கு வேண்டாமா?"

"வேண்டாம். நீ தின்னு."

"பயமா குவாட்டர்ஸ்காரி? பயந்தா கை விறைக்கும், பூனை ரெண்டா கத்தும், கேட்டியா." சிரித்துக்கொண்டே தின்றாள். மேலே தூவியிருந்த சீனியை விரலில் ஒற்றி ஒற்றித் தின்றாள். பிறகு அந்த விரலை என் பாவாடையில் துடைத்தாள். நான் திட்டவில்லை. அதை அவள் கவனித்து, ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள்.

ஆலைக்காரர்கள் வரத் தாமதமாகி, ஐந்து இருபதுக்குத் தொடங்கியது. நடுவில் வந்த பாட்டுகளைச் சொல்லப் போவதில்லை, வரிசை நோட்டில் இருக்கிறது. கடைசிப் பாட்டு ஆறு ஐந்துக்கு. இரண்டு சரணம் எல்லோரும் பாடினோம். மூன்றாவதற்கு அவள் எழுந்து நின்றாள். சார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ச-வை இழுத்தேன். வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் என் வில் நடுங்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவள் பாடும்போது நான் மண்டபத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கூட்டம் கூடும் இடத்தில் சேதியை எவ்வளவு நேரம்தான் பொத்தி வைக்க முடியும். சித்தி கடைசி வரிசையில் முக்காடு போட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் ஒவ்வொருவராக முக்காடு போட்டார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கோயில்பிள்ளை வாசலில் வெளியே நின்றார், உள்ளே வரவேயில்லை. முன்வரிசையில் என் அம்மாவும் அப்பாவும் புன்னகையோடு இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் முன்வரிசை பலமாகக் கை தட்டியது. பின்னால் ஒரு கைகூட எழவில்லை.

திரைக்குப் பின்னால் வந்ததும் கூட்டாளி என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "பொறத்த இருந்த எங்க ஆளுவ யாரும் தட்டேல. பிசிறிட்டாட்டி?"

"இல்ல. நல்லா இருந்து."

அப்போது மணி அடித்தது. முதல் அடிக்குப் பிறகு வந்த அமைதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது இது என்ன மணி என்று. என் கையை விட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். கண்ணை மூடி, அந்த ஊர்ப் பிள்ளைகள் யாருக்கோ சொல்கிற வேகத்தில், ஒரு செபத்தை மளமளவென்று சொல்லி முடித்தாள். இரண்டாவது அடி விழுந்தது.

"யாரோ பாவம்" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள். "யாருட்டி?"

"தெரியாது" என்றேன்.

மூன்றாவது அடிக்கு முன் சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அம்மாவிடம் சொன்னார், நல்ல காலம், நம்ம நிகழ்ச்சி முடிந்த பிறகு அடித்தார்கள். அப்பா இரக்கமில்லாதவர் அல்ல. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அம்மா பின்னால் உட்கார்ந்தாள். கால் கழுவ அன்று வாளித் தண்ணீர் வைக்க மறந்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: மூன்று மணிக்கு வந்தேன். நிகழ்ச்சி 5.20க்குத் தொடங்கியது. ஒன்பது பாட்டுகள். கூட்டாளி நன்றாகப் பாடினாள். 6.20க்கு முடிந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே மூன்று கோடுகளைக் காலியாக விட்டிருந்தேன்.

துக்கத்துக்குப் போய்வர வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். போகவில்லை. மறு வருடம் பயிற்சி நடக்கவில்லை. அதற்கடுத்த வருடம் நாங்கள் நாகர்கோவிலுக்கு வீடு மாறினோம். வயலின் கோயில் அலமாரிக்கே திரும்பியது. நான் வேறு வயலின் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு பட்டா விஷயமாகத் தக்கலை தாலுகா அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் நரைத்த தலையோடு ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். நான் டோக்கன் எண்ணையும் நேரத்தையும் சின்ன நோட்டில் குறிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குவாட்டர்ஸ்காரிதானே?"

நாற்பத்தொரு வருடம். அவள் அம்மா இறந்து இரண்டு மாதமாகிறதாம், வாரிசுச் சான்றிதழுக்கு வந்திருக்கிறாள். மகன் துபாயில், மகள் நர்ஸ். பாடுவதுண்டா என்று கேட்டேன். கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாடுவேன், தனியே இல்லை என்றாள். கடைசி நாட்களில் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம், அன்றைக்கு உன்னைக் கூட்டி வர ஆள் அனுப்பாமல் நானே வந்திருக்க வேண்டும் என்று. சொல்லிவிட்டு உறையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"மணி அடிச்சப்போ உங்கிட்டதான் யாருன்னு கேட்டேன். உனக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும்" என்றேன்.

தலையாட்டினாள். அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தேவைப்பட்டிருக்கவில்லை என்று தோன்றியது. அடுத்த கேள்விக்குத்தான் தேவைப்பட்டது. "சேதி எப்ப வந்து? அம்மைக்கும் மாமனுக்கும் சொல்லத் தெரியேல."

"நாலு பத்து."

"சரியா தெரியுமா?"

"கடிகாரத்தைப் பாத்தேன். மணி அடிச்சது ஆறு இருபது."

விரல் கணுக்களில் எண்ணினாள். "ரெண்டு மணிக்கூரும் பத்து நிமிசமும்" என்றாள். கவுண்டர் சன்னலில் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் பன்னு தின்னேன். ஒண்ணு எனக்கது. அது மூணரைக்கே தந்துட்டாவ. அது தெரியாம தின்னது." அவள் குரல் மாறவேயில்லை. "ரெண்டாவது நீ தந்தது. அது நாலு பத்துக்கு முன்னயா, பெறவா?"

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது.

"பெறவு."

"உனக்கு வேண்டாமான்னு கேட்டேன், இல்லியா?"

"கேட்ட."

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து, உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சன்னலுக்குப் போனாள். முடித்துத் திரும்பி வரும்போது என் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். தட்டவில்லை, அழுத்தவில்லை, வைத்தாள். "வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து முதல் நோட்டை எடுத்தேன். எழுதிய பக்கத்தைத் திருத்துவதில்லை என்பது என் வழக்கம். திருத்தவில்லை. காலியாக இருந்த மூன்று கோடுகளில், எழுதும் நாளின் தேதியைப் பக்கத்தில் குறித்து, இப்போதைய பேனாவில் எழுதினேன்.

4.10. செய்தி வந்தது. எனக்குத் தெரியும்.

4.20. பன் கொடுத்தேன்.

6.20. கேட்டாள். தெரியாது என்றேன்.